உழுதல், உறைதல், வழிபடுதல்: ஓர் இலத்தீன் வினைச்சொல்லின் வரலாறு

நம் நாட்டில் அரசாங்க அலுவலகங்களின் பெயர்ப் பலகைகள் மும்மொழிகளில் எழுதப்படுவன. அவற்றுள் ‘கலாசாரம்’ என்னும் சொல் வரும் பலகைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். அச்சொல்லுக்கு நேராக ஆங்கில வரியிற் ‘கல்ச்சர்’ என்னும் சொல்லோ அதன் வழிவந்த சொல்லோ நிற்கும். ஒன்று மற்றொன்றன் மொழிபெயர்ப்பு என்ற அளவில் நாம் அப்பலகையைக் கடந்து போய்விடுகின்றோம். ஆனால் இவ்விரு சொற்களின் பிறப்பையும் தேடிச் சென்றால் வியப்பானதோர் உண்மை வெளிப்படும். ‘கலாசாரம்’ என்பதன் பிற்பாதியாகிய ‘ஆசாரம்’ என்பதும், ‘கல்ச்சர்’ என்பதும், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. வெவ்வேறு நாடுகளில் நெடுங்காலம் அலைந்த இரு உடன்பிறப்புகள் நம்மூர்ப் பலகையொன்றிலே மீண்டும் சந்தித்திருக்கின்றன.

அவ்வேர் மேற்குத் திசையில் விட்ட கிளைகளுள் ஒன்றே இலத்தீன் மொழியின் ‘கொலோ’ என்னும் வினைச்சொல். இந்நாட்டு ஆங்கிலக் கல்லூரிகளில் இலத்தீனும் ஒரு பாடமாயிருந்த காலத்தில், ‘கொலோ, கொலெரே, கொலுயி, குல்த்தும்’ என்று மாணவர் அதனை நெட்டுருப் பண்ணியதுண்டு. நான்காவதாக நிற்கும் ‘குல்த்தும்’ என்னும் வடிவிலிருந்தே ‘கல்ச்சர்’ முதலிய சொற்கள் கிளைத்தன. நெட்டுருவுக்குரிய இந்நான்கு வடிவங்களுள் ஒரு பழைய சமுதாயத்தின் வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. அதன் பெருமையும் உண்டு, பழியும் உண்டு. அதனை இன்று நம் வாசகர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

ஒரு சொல், பல பொருள்

இலத்தீன் அகராதியில் இவ்வினைச்சொல்லைத் தேடினால், அதற்கு நேரே உழுது பயிரிடுதல், ஓரிடத்தில் உறைதல், பேணுதல், அணிசெய்தல், மதித்து நடத்தல், வழிபடுதல் என்று பொருள்கள் வரிசையாக நிற்கக் காண்போம். தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. உரோமருக்கோ உழவன் வயலைச் செய்வதும் இவ்வினையே. குடிமகன் தன் ஊரில் வாழ்வதும் இவ்வினையே. நண்பன் நட்பைப் போற்றுவதும், மாணவன் கல்வியிலே தோய்வதும், அடியவன் தெய்வத்தைத் தொழுவதும் இதே சொல்லாற் குறிக்கப்பட்டன.

இதனடியாகப் பிறந்த பெயர்ச்சொற்களும் அவ்வாறே பல துறைகளிற் பரந்தன. வயலைப் பேணுபவன் ‘அக்ரிகொலா’, அதாவது உழவன். ஓரூரில் உறைபவன் ‘இன்கொலா’. வானுறையும் தெய்வங்களைப் புலவர்கள் ‘கைலிகொலா’ என்றனர். ‘குல்த்துஸ்’ என்றால் பேணுகை, ஒப்பனை, வழிபாடு என மூன்றும் ஆகும். ‘குல்த்தூரா’ என்பது முதலில் நிலத்தைப் பண்படுத்தும் தொழிலையே குறித்தது.

மனிதர் மட்டுமன்றித் தேவரும் இவ்வினையைச் செய்வர் என்று உரோமர் கருதினர். வேர்ஜில் என்னும் பெரும்புலவர் தம் ‘ஈனீட்’ காவியத்தின் தொடக்கத்திலே, ஜூனோ என்னும் தேவி கார்த்தேஜ் நகரின்மேல் வைத்திருந்த தனியன்பைக் கூறவந்தபோது இவ்வினைச்சொல்லையே ஆண்டிருக்கின்றார். மனிதன் தெய்வத்தைப் பேணுகின்றான். தெய்வம் மனிதனின் ஊரைப் பேணுகின்றது. இரு திசையிலும் செல்லும் இவ்வுறவுக்கு ஒரு சொல்லே போதுமானதாயிற்று.

சொல்வளம் இல்லாமையால் உரோமர் ஒரே சொல்லைப் பல வேலைகளுக்கு வைத்துக்கொண்டனரோ என்று சிலர் ஐயுறலாம். அன்று. நம் கண்ணுக்குப் பலவாகத் தோன்றும் செயல்கள் அவர்கள் கண்ணுக்கு ஒரே செயலாகத் தோன்றின. அஃது எவ்வாறு என்பதைச் சொல்லின் வேரை நோக்கினால் அறியலாம்.

சக்கரத்தின் சுற்றம்

1786ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருத்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். அவருக்குப் பின் வந்த அறிஞர்கள் அம்மொழிகளுக்கிடையே ஒலிகள் ஒழுங்காக மாறி நிற்கும் முறையைக் கண்டறிந்தனர். இலத்தீனில் ‘க்வ’ என்று ஒலிக்கும் இடத்தில் வடமொழியிற் பல சொற்களில் ‘ச’ என்னும் ஒலி நிற்கும். நான்கு என்பது இலத்தீனிற் ‘க்வத்துவோர்’, வடமொழியிற் ‘சதுர்’. நாம் சதுர்த்தி என்றும் சதுரம் என்றும் வழங்குவன இதன் வழிவந்தவை. ஐந்து என்பது இலத்தீனிற் ‘க்வின்க்வே’, வடமொழியிற் ‘பஞ்ச’. இச்சொற்களின் இறுதியிலும் அதே ஒலிகள் எதிரெதிரே நிற்பதை மாணவர்கள் கவனிக்கலாம்.

‘கொலோ’ என்பதும் முதலிற் ‘க்வ’ என்னும் ஒலியுடன் தொடங்கிய சொல்லே. ஓகர ஒலிக்கு முன் அவ்வகரம் தேய்ந்து மறைந்தது. ஆயினும் வாடகைக்குக் குடியிருப்பவனைக் குறிக்கும் ‘இன்க்விலீனுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லில் அப்பழைய ஒலி இன்றும் தங்கியிருக்கின்றது. இவற்றையெல்லாம் ஒப்புநோக்கிய அறிஞர்கள் இதன் வேருக்குக் கண்ட பொருள் ‘சுழலுதல், சுற்றிவருதல்’ என்பதாகும்.

அவ்வேரின் சுற்றம் மிகப் பெரிது. வடமொழியிற் ‘சக்கரம்’, கிரேக்கத்தில் வட்டத்தைக் குறிக்கும் ‘கிக்ளொஸ்’, ஆங்கிலத்தில் ‘வீல்’, பாரசீகத்திற் ‘சர்க்’ ஆகிய யாவும் அதன் வழிவந்தவை. காந்தியடிகளின் ‘சர்க்கா’ அப்பாரசீகச் சொல்லின் வழியினது. ‘சைக்கிள்’ கிரேக்கச் சொல்லின் வழியினது. நாம் அதனைத் ‘துவிச்சக்கர வண்டி’ என்று பெயர்த்தபோது, பழைய உறவினர் ஒருவரை அறியாமலே மீண்டும் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

வடமொழியில் இதே வேர் ‘சர்’ என்னும் வினையாகவும் நின்றது. இயங்குதல், திரிதல், ஒழுகுதல் என்பன அதன் பொருள்கள். சஞ்சாரம், சரிதம், ஆசாரம், ஆசாரியர், பிரமசாரி முதலிய சொற்கள் அதனடியாகத் தோன்றி, நம் மொழியிலும் நெடுங்காலமாக வழங்குகின்றன. கிரேக்கத்தில் ஆயனைக் குறிக்கும் ‘பூகொலொஸ்’ என்னும் சொல்லின் முற்பகுதி பசுவையும் பிற்பகுதி இவ்வேரையும் கொண்டது. பசுக்கள் சென்று மேயும் இடத்தைக் குறித்த வடமொழிக் ‘கோசரம்’ என்பதும் அவ்விரு பகுதிகளையே கொண்டது. நம் பஞ்சாங்கங்களிற் கிரகங்களின் இயக்கத்தைச் சுட்டும் ‘கோசாரம்’ அதன் வழியாக வந்ததேயாகும்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ் இம்மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது திராவிடக் குடும்பத்தின் மூத்த மொழி. 1856ஆம் ஆண்டிலே கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் இதனை விரிவாக நிறுவியது. மேலே கூறிய சொற்கள் நம்மிடம் வடமொழியிலிருந்து இரவலாக வந்தவை. எனவே, ‘கொலோ’ என்பதன் ஓசையைக் கேட்டவுடன் நம் ‘கொல்லை’ என்னும் சொல்லையோ ‘கொழும்பு’ என்னும் நகர்ப் பெயரையோ அதனுடன் முடிச்சுப் போடுதல் ஆகாது. ஓசை ஒற்றுமை வேறு. ஒலிகள் ஒழுங்கு தவறாது மாறிவரும் உறவு வேறு.

இனி, சுற்றிவருதல் என்னும் பொருள் எவ்வாறு உறைதலும் உழுதலும் தொழுதலும் ஆயிற்று? ஓரிடத்தை நாள்தோறும் சுற்றிவருபவனை எண்ணிப் பாருங்கள். அவன் காலடி பட்ட இடம் பாதையாகின்றது. பாதை முடியுமிடம் வீடாகின்றது. அவன் அங்கேயே பயின்று மண்ணைக் கிளறி வித்திடுகின்றான். வித்து முளைப்பதற்குத் தன் கைவலி மட்டும் போதாது என்று உணர்கின்றான். அந்நிலத்தின் தெய்வத்தைத் தேடிச் சென்று வணங்குகின்றான். மீண்டும் மீண்டும் அவ்விடத்துக்கே வருதல் என்பது இவை யாவற்றுக்கும் பொதுவாக உள்ளது. நம் முன்னோர் ‘பயிலுதல்’ என்னும் சொல்லில் தங்குதல், பழகுதல், கற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்ததும் இத்தகைய ஒரு காட்சியினாலேதான்.

காத்தோவின் பண்ணை

இப்பொருள்கள் யாவும் ஒன்றுகூடி நிற்பதைக் காண விரும்புவோர், மூத்த காத்தோ எழுதிய வேளாண்மை நூலைப் பார்த்தல் வேண்டும். காத்தோ கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்தவர். போர்வீரர், அரசியலறிஞர், கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். கி.மு. 160 அளவில் அவர் இயற்றிய அந்நூலே முழுமையாக இன்று நமக்குக் கிடைக்கும் இலத்தீன் உரைநடை நூல்களுள் மிகப் பழையது. நூலின் பெயரிலேயே நம் வினைச்சொல்லின் வழிவந்த ‘குல்த்தூரா’ இருக்கின்றது.

குடும்பத் தலைவன் தன் பண்ணைக்கு வந்து சேர்ந்ததும் யாது செய்தல் வேண்டும் என்று காத்தோ அந்நூலில் விதிக்கின்றார். முதலில் வீட்டுத் தெய்வத்தை வணங்குதல் வேண்டும். பின்பு, இயலுமாயின் அன்றே, வயலைச் சுற்றிவருதல் வேண்டும். அன்று இயலாதாயின் மறுநாளேனும் சுற்றிவருதல் வேண்டும். தொழுதல், சுற்றுதல், பேணுதல் ஆகிய மூன்றும் ஒரு நாளின் வேலையாக இங்கே அமைந்துவிடுகின்றன. முன்னோர் ஒருவனை நல்லவன் என்று புகழக் கருதினால் நல்ல உழவன் என்றே புகழ்ந்தனர் என்றும் அவர் முகவுரையிலே சொல்கின்றார்.

இத்துடன் நாம் நிறுத்திக்கொண்டால் காத்தோ நமக்கு ஓர் இலட்சிய உழவராகவே காட்சி தருவார். ஆனால் அதே அத்தியாயத்தின் இறுதியை வாசிப்பவர் திடுக்குறாமல் இருத்தல் அரிது. பண்ணைக்குப் பயன்படாதவற்றை விற்றுவிடுக என்று கூறுகின்ற காத்தோ, முதிர்ந்த எருதுகளையும் பழைய வண்டியையும் தேய்ந்த இரும்புக் கருவிகளையும் வரிசைப்படுத்தும்போது, முதுமையடைந்த அடிமையையும் நோயுற்ற அடிமையையும் அவற்றுடன் சேர்த்தே எழுதிவிடுகின்றார். வயலைச் சுற்றிப் பார்த்தவர் தலைவர். அவ்வயலில் உண்மையாக வியர்வை சிந்தியவரோ வண்டியோடும் எருதோடும் ஒருங்கு எண்ணப்பட்டனர். காத்தோவின் வரலாற்றை எழுதிய கிரேக்க அறிஞர் புளூட்டார்க், வேறு வகையில் அவரை மதித்தபோதிலும், இவ்வொரு செயலுக்காக அவரைக் கடிந்துகொண்டார். பேணுதல் என்னும் சொல்லைத் தலைப்பிலே கொண்ட நூலுக்குள், பேணப்படாத மனிதர்கள் இருந்தனர். இம்முரண்பாடு இச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

மனமென்னும் வயல்

நிலத்துக்குரிய சொல் மனத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. கி.மு. 45ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சிசரோவின் அருமை மகள் துல்லியா இறந்தாள். அரசியலில் தம் செல்வாக்கையும் இழந்திருந்த சிசரோ, துயரத்தைத் தாங்கும் வழியைத் தத்துவ நூல்களிலே தேடினார். அவ்வாண்டில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று, துஸ்குலும் என்னும் ஊரிலிருந்த தம் மனையில் நிகழ்ந்த உரையாடல்களாக அமைந்தது. மரணம், வேதனை, துயரம் என்பவற்றை மனிதன் எங்ஙனம் எதிர்கொள்வது என்பதே அந்நூலின் பொருள்.

அதன் இரண்டாம் பகுதியிலே சிசரோ ஓர் உவமை கூறுகின்றார். எத்துணை வளமான நிலமாயினும் பண்படுத்தப்படாவிடின் பயன் தராது, மனமும் அத்தகையது, அதனைப் பண்படுத்தும் தொழிலே தத்துவம் என்கின்றார். குற்றங்களை வேரோடு களைந்து, வித்தை ஏற்கும் பக்குவத்துக்கு மனத்தைக் கொண்டுவந்து, பின்னர் வித்திடும் வேலை அதற்குரியது என்று விளக்குகின்றார். கலப்பைக்குரிய ‘குல்த்தூரா’ என்னும் சொல்லை அவர் இங்கே மனத்துக்கு உரியதாக்கினார். மகளை இழந்த ஒரு தந்தை, பாழ்பட்ட தம் மனத்தை மீண்டும் உழுது பார்க்க முயன்ற காலத்திலே எழுதப்பட்ட உவமை இஃது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வுவமையே ஐரோப்பிய மொழிகளில் வேரூன்றியது. 1605ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் தம் நூலொன்றிலே மனத்தின் உழவைப் பற்றி விரித்தெழுதினார். 1871ஆம் ஆண்டில் எட்வேட் டைலர் என்னும் மானிடவியலறிஞர், அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலிய அனைத்தும் சேர்ந்த தொகுதிக்கே ‘கல்ச்சர்’ என்னும் பெயரை வழங்கினார். ஒருவன் நாள்தோறும் செய்யும் வேலையாயிருந்தது, இவ்வாறு ஓர் இனத்தார் உடைமையாக வைத்திருக்கும் பொருளாகப் படிப்படியாக மாறியது.

கொலோனியா

இதே வினையிலிருந்து பிறந்த மற்றொரு சொல் உலக வரலாற்றையே அசைத்தது. உழுபவன் ‘கொலோனுஸ்’, உழவர்கள் குடியேறிய ஊர் ‘கொலோனியா’. உரோமர் தாம் வென்ற நாடுகளிலே நிலத்தைப் பங்கிட்டுத் தம் குடிகளுக்கும் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கும் கொடுத்து அமைத்த ஊர்களே கொலோனியாக்கள். அத்தகைய ஊரைத் தொடங்கும்போது, ஓர் எருதையும் ஒரு பசுவையும் நுகத்திற் பூட்டி, ஊரெல்லையைச் சுற்றி ஓர் உழவுசால் இடுவர். வாயில் அமைய வேண்டிய இடங்களிலே கலப்பையைத் தூக்கிக்கொண்டு செல்வர். சுற்றிவருதல், உழுதல், உறைதல், வழிபடுதல் என்னும் பொருள்கள் யாவும் அச்சடங்கிலே ஒன்றாகின. ஜேர்மனியில் உள்ள கொலோன் நகரம் கி.பி. 50ஆம் ஆண்டிலே இத்தகுதியைப் பெற்றது. அதன் பெயரிலே இச்சொல் இன்றும் நிலைத்திருக்கின்றது.

ஆனால் அவ்வுழவுசாலுக்குள் அகப்பட்ட நிலம் முன்னர் யாருடையது? பிரித்தானியாவிலே கமுலோடூனும் என்னுமிடத்தில், இன்றைய கொல்செஸ்டர் நகரில், கி.பி. 49ஆம் ஆண்டில் ஒரு கொலோனியா நிறுவப்பட்டது. அங்கே குடியேறிய பழைய படைவீரர்கள் நாட்டு மக்களை வீடுகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் துரத்தினர் என்று உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகின்றார். அங்கே கிளாடியஸ் பேரரசனுக்கு எழுந்த கோயிலை அம்மக்கள் தம்மை அடக்கியாளும் கோட்டையாகவே கண்டனர் என்றும், வழிபாட்டின் பெயரால் அவர்கள் செல்வம் கரைக்கப்பட்டது என்றும் அவரே கூறுகின்றார். உழவு, உறைவு, வழிபாடு ஆகிய மூன்று பொருளும் அங்கே ஒருங்கு நின்றன. ஆயின் மூன்றும் ஒருவரிடமிருந்து பறித்து மற்றொருவருக்குக் கொடுக்கப்பட்டவை. சில ஆண்டுகளுக்குள், கி.பி. 60 அல்லது 61இல், பூடிக்கா என்னும் அரசியின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியாளர் அவ்வூரைத் தீக்கிரையாக்கினர்.

நிலத்தைப் பறிகொடுத்தவர் அயலார் மட்டுமல்லர். கி.மு. 42இல் நடந்த பிலிப்பிப் போரின் பின்னர், வென்ற படைவீரருக்கு வழங்குவதற்காக இத்தாலிய உழவர் பலரின் நிலங்களும் கவரப்பட்டன. வேர்ஜிலின் முல்லைப்பாட்டுகளுள் முதலாவது, அவ்வாறு தன் வயலை விட்டு ஆடுகளுடன் வெளியேறும் ஒருவனின் துயரத்தைக் கூறுவது. காலப்போக்கில் ‘கொலோனுஸ்’ என்னும் சொல் பிறர் நிலத்தைப் பயிரிடும் குத்தகைக்காரனைக் குறிக்கலாயிற்று. கி.பி. 332ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீன் பேரரசன் விதித்த சட்டமொன்று, நிலத்தை விட்டு ஓட எண்ணும் கொலோனுஸை விலங்கிடுவதற்கும் இடந்தந்தது. நிலத்தைப் பேணிய பெருமைக்குரிய பெயர், நிலத்தோடு பிணிக்கப்பட்டவனின் பெயராயிற்று.

பிற்காலத்து ஐரோப்பியர் தம் கடல்கடந்த ஆட்சிகளுக்கு இப்பெயரையே சூட்டினர். இலங்கையின் கரையோரப் பகுதிகள் 1802இல் பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாயின. 1948 பெப்ருவரி 4ஆம் நாள் வரை இந்நாடு அப்பெயரைச் சுமந்தது. ஆண்டவர்கள் தாமாக மண்ணைக் கிளறவில்லை. மலைச்சரிவுகளிலே கோப்பியையும் தேயிலையையும் வளர்த்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். அவர்கள் அம்மண்ணைக் கொத்தினர், அங்கேயே வாழ்ந்தனர், அங்கேயே மாரியம்மனுக்குக் கோயிலெடுத்து வழிபட்டனர். நம் இலத்தீன் வினையின் மூன்று பொருளையும் குறைவின்றிச் செய்தவர்கள் அவர்களே. அவ்வாறிருந்தும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியவர்களின் குறை தீரும் வகையில் சட்டம் இயற்றப்பட்டது 2003ஆம் ஆண்டிலேதான். காத்தோவின் பண்ணையிலே கண்ட முரண்பாடு இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் நம் மலைகளிலும் காணப்பட்டது.

நம் வழக்கிலே

வடமொழி வழியாக நம்மிடம் வந்த கிளையையும் இனி நோக்குவோம். சைவ நன்னெறி சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளாக வகுக்கப்பட்டுள்ளதை நம் பிள்ளைகள் பாடசாலையிலேயே கற்கின்றனர். அவற்றுள் முதற்படியாகிய ‘சரியை’ மேலே கூறிய ‘சர்’ என்னும் வினையின் வழியினது. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல், விளக்கிடுதல் ஆகியன சரியைத் தொண்டுகள். இறைவனுக்குச் செய்யும் பதினாறு ‘உபசாரங்களும்’, கோயிலிலே பணிபுரியும் ‘பரிசாரகரும்’ அதே வினையின் பெயர் பூண்டவர்களே. இலத்தீனிலே வழிபாட்டைக் குறித்த ‘குல்த்துஸ்’ என்பதும், நம் கோயிலிலே வழங்கும் ‘உபசாரம்’ என்பதும், அருகே சென்று பேணுதல் என்னும் ஒரே கருத்தில் வந்து நிற்பது எண்ணி மகிழ்தற்குரியது.

சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவர் ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசு நாயனார். அவர் கையிலே நாம் காண்பது வாளுமன்று, ஏடுமன்று. கோயில் வீதியிலே புல்லைச் செதுக்கும் உழவாரம். களை பிடுங்குதலும் வழிபாடும் ஒரே செயல் என்பதற்கு அதனினும் தெளிவான அடையாளம் வேறொன்று வேண்டுவதில்லை. சொல்லாராய்ச்சியாளர் பல மொழிகளை அலசிக் காணும் உண்மை அத்திருவுருவத்தின் கையிலேயே இருக்கின்றது.

தனித்தமிழிலும் இதற்கு ஒத்த காட்சி உண்டு. இருபதாம் நூற்றாண்டிலே ‘கல்ச்சர்’ என்பதற்கு நேராகப் பரவிய ‘பண்பாடு’ என்னும் சொல் ‘பண்படு’ என்பதன் வழியினது. நிலத்தைப் பண்படுத்துதல் என்று உழவர் இன்றும் சொல்கின்றனர். ‘வழிபாடு’ என்பதிலே வழியும், வழியிலே ஒழுகுதலும் இருக்கின்றன. உறவற்ற மொழிகளும் ஒரே வாழ்க்கையை வாழ்ந்தால் ஒரே உண்மையைக் காணும் போலும்.

இந்த உண்மை இலத்தீன் அறியாதவர்களின் செயலிலும் விளங்குவதை நம் காலத்திலே நாம் கண்டோம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தம் வளவுகளைப் பார்க்க முடியாதிருந்தன. நிலம் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்கள் கண்டது பற்றைக் காட்டையே. எல்லை தேடிச் சுற்றிவந்தார்கள், கத்தியும் மண்வெட்டியும் கொண்டு காடு வெட்டினார்கள், கிணற்றை இறைத்தார்கள், இடிந்து கிடந்த கோயிலைத் துப்புரவாக்கி விளக்கேற்றினார்கள். எவரும் அவர்களுக்கு இவ்வரிசையைக் கற்பிக்கவில்லை. சுற்றுதல், உழுதல், உறைதல், தொழுதல் என்று அப்பழைய வேரின் பொருள்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைகளிலே மீண்டும் தளிர்த்தன.

நம் குடும்பங்களிலே இன்று கலாசாரத்தைப் பற்றிய கவலை மிகுதியாகப் பேசப்படுகின்றது. பிள்ளைகள் தமிழை மறக்கின்றனர், நம் வழக்கங்கள் அழிகின்றன, அவற்றைப் பாதுகாத்தல் வேண்டும் என்கின்றோம். பெட்டகத்திலே பூட்டிவைத்த பாட்டியின் நகையைப் போல, கலாசாரம் என்பது முன்னோர் தந்துவிட்டுப் போன ஒரு பொருள் என்றே பலர் எண்ணுகின்றோம். சொல்லின் பிறப்பை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். அது நகையன்று, வயல். உறுதி வீட்டுப் பெட்டியிலே பத்திரமாக இருந்தாலும், உழாத வயலிற் பற்றையே முளைக்கும். நாள்தோறும் பிள்ளையுடன் அமர்ந்து ஒரு பக்கம் தமிழ் வாசிக்கும் தாயும், மாலையில் விளக்கேற்றும் தந்தையும், அயலவரின் நோய்க்கு ஓடிச்சென்று உதவும் இளைஞனும் அவ்வயலை உழுகின்றார்கள். ஆண்டுக்கொரு முறை மேடையேறிக் கலாசாரத்தைப் புகழ்வோர் வரம்பிலே நின்று பார்ப்பவர்களேயாவர்.

இன்னொன்றையும் இவ்வினைச்சொல் நமக்கு உணர்த்துகின்றது. நம் வயலைப் பேணுகின்றோம் என்று சொல்லிக்கொண்டு பிறர் வயலைக் கவர்ந்தால், அல்லது அதிலே பாடுபடுபவரை மனிதராக எண்ணாவிட்டால், அது பேணுதல் ஆகாது. காத்தோவின் அடிமைகளும் கமுலோடூனும் மக்களும் நம் மலையகத் தோட்டங்களும் இதற்குச் சான்று.

அடுத்த முறை அப்பெயர்ப் பலகையைக் காணும்போது, அதில் எழுதப்பட்டிருப்பது வெறும் பெயர்ச்சொல்தானா என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். அதன் அடியிலே ஒரு வினைச்சொல் இருக்கின்றது. வினைச்சொல்லுக்குச் செய்பவன் ஒருவன் வேண்டும்.